ஸ்டீப்புக்கு எதிர்ச்சொல் பிளாட்டா? எதில் தேடுவது நல்லது

கோத்தகிரியில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். இரண்டு பொதுத்தேர்விலும் எதிர்ச்சொல்லுக்கு 3 மதிப்பெண். போன வாரம் ஒரு பெண், "அக்கா, ஸ்டீப்புக்கு எதிர்ச்சொல் பிளாட்தானே?" என்றாள். தினமும் தேயிலைச் சரிவில் ஏறி இறங்குகிற பிள்ளை. சமதளம் சரிவே இல்லையே. செங்குத்துச் சரிவுக்கு எதிர், மெல்லச் சாய்கிற சரிவு. ஆங்கிலத்தில் 'ஜென்டில் ஸ்லோப்' என்பார்கள். ஆனால் அவள் கையில் இருந்த கைடில் ஜென்டிலுக்கு எதிர் 'ரஃப்' என்று மட்டும் இருந்தது. தேர்வுக்கு முதல் நாள் புரட்ட கைடு போதும். சொல்லைப் புரிந்துகொள்ள உதவாது.

முன்னால் அன், இன், டிஸ் ஒட்டிப் பார்ப்பதும் பாதி வழிதான். 'ஹாப்பி'க்குச் சரி. 'இன்வேல்யுவபிள்' என்றால் விலைமதிப்பற்றது. 'இன்ஃப்ளேமபிள்' என்றால் எளிதில் தீப்பிடிப்பது. இரண்டிலும் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

ரோஜெட்டின் தெசாரஸ், அதாவது ஒரே கருத்துள்ள சொற்களைச் சேர்த்துத் தரும் நூல், 1852-இல் வந்தது. மருத்துவரான அவர் சொற்களை அகரவரிசையில் அடுக்காமல் கருத்துவாரியாகப் பிரித்து, எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது. கட்டுரை எழுதுகிறவருக்கு விருந்து. ஆனால் குவியலிலிருந்து எதை எடுப்பது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ட்நெட், ஆங்கிலச் சொற்களைப் பொருள்வழி இணைத்துக் காட்டும் கணினித் தொகுப்பு, இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் மழையில் சிக்னல் போனாலும் வேலை செய்யும். எங்கள் ஊருக்கு அது பெரிய விஷயம். ஸ்டீப்புக்கு அது 'கிராஜுவல்' என்று தருகிறது, அதுவும் மெல்லச் சாய்வதுதான், சரியான விடை. நேரடி எதிர்ச்சொல் இல்லாதபோது ஒத்த சொல் வழியாகப் போகும்: 'பாண்டரஸ்' என்றால் 'ஹெவி', அதற்கு எதிர் 'லைட்'. சொற்றொடர்களில்தான் தடுமாறும்.

சொற்றொடர்களுக்கு ஏஐ சாட்பாட் பரவாயில்லை, முழு வாக்கியத்தையும் கொடுத்தால். ரேடியோவை 'டர்ன் டவுன்' செய்வதற்கு எதிர் 'டர்ன் அப்'. வந்த வேலையை ஒருவர் 'டர்ன் டவுன்' செய்தால்? அங்கே எதிர் 'அக்செப்ட்'. ஒரே தொடர்தான், வாக்கியம்தான் வேறு. ஆனால் எதிர்ச்சொல்லே இல்லாத சொல்லுக்கும் சாட்பாட் தயங்காமல் ஒன்றைச் சொல்லிவிடும். அதனால் தனியாக அதை நம்பச் சொல்லமாட்டேன்.

என் முதல் தேர்வு, ஆங்கிலம் கற்போருக்கான ஆக்ஸ்போர்டு அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண், எடுத்துக்காட்டு, எதிர்ச்சொல் இருந்தால் அதுவும் அங்கேயே. 'ஃபைன்' என்ற சொல்லைப் பாருங்கள். இங்கே தேயிலைக்காரர்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிப்பதை 'ஃபைன் பிளக்கிங்' என்பார்கள். முற்றிய இலையோடு பறித்தால் 'கோர்ஸ் பிளக்கிங்'. வானிலை 'ஃபைன்' என்றால் அதற்கு எதிர் கோர்ஸ் ஆகாது. பொருளைப் பிரிக்காத எந்தப் பட்டியலும் இந்த இடத்தில் கைவிட்டுவிடும்.

நேற்று அந்தப் பெண் 'ஸ்ட்ராங்' என்ற சொல்லோடு வந்தாள். டீ என்றால் எதிர் 'வீக்', காற்று என்றால் 'லைட்'. இரண்டையும் அகராதியில் அவளே தேடி எழுதியிருந்தாள்.