வேறு கம்பெனி ஃபிளாஷ்: மேலே மாட்டுவதா, தள்ளி வைப்பதா?

நிக்கான் ஃபிளாஷைக் கேனான் கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடுமா? கம்பெனி மாறுவதால் மட்டும் போகாது. பார்க்க வேண்டியது ஃபிளாஷின் வயதை. அதன் அடியில், நடுவில் இருக்கும் பின் வழியாகத்தான் கேமரா அதை அடிக்க வைக்கிறது. அந்தப் பின்னில் வோல்ட் அதிகமாக இருந்தால் கேமராவின் சர்க்யூட் பழுதாகலாம். நிக்கான் எஸ்பி-28 போன்றவற்றில் 5 வோல்ட் அளவுதான் இருக்கும். ஜப்பானில் தயாரான பழைய விவிட்டார் 283-இல் 200 வோல்ட்டைத் தாண்டும். அதே 283 பிற்பாடு வந்தபோது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால் மாடல் பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது சுலபம். புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரியும்வரை பொறுங்கள். மல்டிமீட்டரை டிசியில் பெரிய ரேஞ்சில் வைத்து, சிவப்பு முனையை நடுப் பின்னிலும் கறுப்பை ஓரத்து உலோகத்திலும் தொடுங்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆர் கையேடுகள் 250 வோல்ட்டை வரம்பாகச் சொல்கின்றன. கேனான் 300டி காலத்து கேமரா பாடிகளுக்கு 6 வோல்ட்தான் பாதுகாப்பு என்ற கணக்கு புழங்கியது. ஐஎஸ்ஓ 10330 என்ற சர்வதேசத் தரம் சொல்வது 24 வோல்ட். எந்த பாடி என்றே தெரியாவிட்டால் 6-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வோல்ட் குறைவாக இருந்தால் நேராக ஹாட் ஷூவில், அதாவது கேமரா தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில், மாட்டுவதுதான் செலவில்லாத வழி. கேமராவே வெளிச்சத்தை அளந்து ஃபிளாஷைக் கட்டுப்படுத்தும் டிடிஎல் கிடைக்காது, எம் (மேனுவல்) மோடில் ஃபிளாஷின் பவரை 1/4, 1/8 என்று கையால் வைக்க வேண்டும். எஸ்பி-28-இல் 'ஏ' மோடு இருக்கிறது, அதன் சென்சார் ஃபிளாஷிலேயே உள்ளது. ஐஎஸ்ஓவையும் அப்பர்ச்சரையும் அதில் சொல்லிவிட்டால் எந்த கேமராவிலும் வெளிச்சத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் எம் மோடைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஃபிளாஷ் மேலே இருப்பது கேமராவுக்குத் தெரியாது. ஷட்டரை 1/200-க்கு மேல் ஏற்றினால் அது தடுக்காது, படத்தில் கறுப்புப் பட்டை விழும். மிரர்லெஸ்ஸில் திரை இருட்டாகிவிடும். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று திரையில் முன்கூட்டியே காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து எடுக்கும்போது) ஃபிளாஷ் அடிக்கவில்லையா? சைலன்ட் ஷூட்டிங்கை அணைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு பெரிய வம்பு உண்டு. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 ஆகியவற்றின் ஹாட் ஷூவில் நடுப் பின்னே கிடையாது. முதல் கேமராவாக இவற்றை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். வேறு கம்பெனி ஃபிளாஷை மேலே மாட்டினால் அது கம்மென்று இருக்கும். பழுது ஒன்றுமில்லை, அமைப்பே அப்படி.

வோல்ட் அதிகமுள்ள ஃபிளாஷுக்கு வெய்ன் சேஃப்-சிங்க் என்ற அடாப்டர் உண்டு. கேமராவுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவில் மாட்டினால் 6 வோல்ட்டுக்குக் கீழே இறக்கிவிடும். வேலையைச் சரியாகவே செய்கிறது, ஆனால் ஃபிளாஷ் இன்னும் உயரத்தில் ஏறி ஆடும். வெளிச்சமும் நேராக முகத்தில்தான் அடிக்கும். அந்தக் காசை ரேடியோ டிரிக்கரில் போடுவதே என் கட்சி. கேமராவில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர், ஃபிளாஷில் மாட்டும் ரிசீவருக்குக் கம்பியில்லாமல் சொல்லி ஃபிளாஷை அடிக்க வைக்கும். ஃபிளாஷின் வோல்ட் ரிசீவரோடு நின்றுவிடும், கேமரா பக்கம் வராது. ரிசீவருக்கும் ஒரு வரம்பு உண்டு என்பதால் அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஃபிளாஷைப் பக்கவாட்டில் வைக்க முடிவது கூடுதல் லாபம். டிரான்ஸ்மிட்டர் உங்கள் கேமராவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 1500டிகாரர்கள் ஒற்றைப் பின் டிரிக்கரை வாங்கி ஏமாற வேண்டாம். கேனானுக்கென்று வந்ததையும் கடையிலேயே மாட்டி ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆப்டிகல் ஸ்லேவ் கடைசி வழி. கேமராவின் சொந்த ஃபிளாஷைப் பார்த்து மற்றது அடிக்கும். இடையில் கம்பியே இல்லாததால் வோல்ட் பயமும் இல்லை. டிடிஎல் முன்கூட்டி விடும் சிறு வெளிச்சத்துக்கே அது அவசரப்பட்டு அடித்துவிடும், அதனால் அந்தச் சிறு வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாத எஸ்2 மோடு உள்ளதாகப் பாருங்கள். வீட்டுக்குள் பொருட்களைப் படம் எடுக்க இது போதும். கல்யாண மேடைக்குக் கொண்டுபோனால், பக்கத்தில் நிற்பவர் அடிக்கும் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் உங்களுடையதும் சேர்ந்து அடித்து பேட்டரியைக் காலி செய்யும்.