பிரசவ வலிக்கு எது: தொடை ஊசியா, வாயுவா, எபிடூரலா?

தங்கைக்கு ஒன்பதாவது மாதம். "முதுகுல ஊசி போட்டுக்கலாமாக்கா?" என்றாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே, "நாங்கள்லாம் ஊசி போட்டுத்தான் பெத்தோமா?" என்றார். எனக்கு முதல் பிரசவம் தொடை ஊசியோடு, இரண்டாவது எபிடூரல் என்கிற அந்த முதுகு ஊசியோடு. அதனால் இதில் வாய் திறக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

தொடையிலோ இடுப்பிலோ போடும் ஊசி என்றால் டிரமடால் அல்லது பெத்திடின். செலவு குறைவு, மயக்க மருத்துவர் வரத் தேவையில்லை. ஆனால் வலி பெரிதாகப் போகாது, ஆளைத்தான் கிறங்கடிக்கும். இரண்டு வலிக்கு நடுவே எனக்குக் கண் சொருகும், அடுத்த வலி வந்து தூக்கிப் போடும், கூடவே வாந்தி. பெத்திடின் போட்ட சில மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டால் குழந்தையும் மந்தமாக இருக்கலாம், மூச்சு விடத் திணறலாம், பால் குடிக்கச் சுணங்கலாம். அதனால் நேரம் பார்த்துத்தான் போட வேண்டும்.

அடுத்தது என்டோனாக்ஸ் வாயு, பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன். இங்கிலாந்துப் பிரசவ அறைகளில் இது சர்வசாதாரணம். லண்டனில் பெற்ற என் நாத்தனார் இதை வைத்தே சமாளித்துவிட்டாள். குழலை நாமே பிடித்து, வலி கிளம்பும்போதே இழுக்க வேண்டும். வேலை செய்ய அரை நிமிடமாவது ஆகும் என்பதால் உச்சத்தில் இழுத்தால் வலி போன பிறகுதான் பலன் வரும். தலை சுற்றும், குமட்டும். நிறுத்தினால் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். வலி குறைவது என்னவோ மிதமாகத்தான்.

இனி எபிடூரல். சுருண்டு உட்காரச் சொல்லி, கீழ் முதுகில் மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, அப்புறம் பெரிய ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயைச் செருகிவிட்டு ஊசியை எடுத்துவிடுவார்கள். குழாய் மட்டும் முதுகில் ஒட்டியிருக்கும், அதன் வழியே மருந்து போய்க்கொண்டே இருக்கும். வலி வந்துகொண்டிருக்கும்போது அசையாமல் உட்காருவதுதான் கொடுமை. இருபது நிமிடத்தில் வயிறு இறுகுவது தெரிந்தது, வலிக்கவில்லை. நான் இட்லியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொல்லை இல்லாமல் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கும், உடம்பு அரிக்கும், நடுங்கும், சிறுநீருக்குக் குழாய் தேவைப்படலாம். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு, உட்கார்ந்தால் மண்டை பிளக்கும் தலைவலி சில நாள் வரும், அதற்கு வைத்தியம் உண்டு. முக்கித் தள்ளும் நேரம் கொஞ்சம் நீளலாம். ரத்தத்தட்டு (பிளேட்லெட்) மிகக் குறைந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களில் சிலருக்கும் போட மாட்டார்கள்.

ஆனால் "ஊசி போட்டால் சிசேரியன்தான்", "ஆயுசுக்கும் முதுகுவலி" என்பதெல்லாம் ஆய்வுகளில் நிற்கவில்லை. எபிடூரல் இல்லாமல் பெற்றவர்களுக்கும் முதுகு வலிக்கத்தான் செய்கிறது, பிள்ளையைத் தூக்கிச் சுமப்பது யார்! அவசரமாக சிசேரியன் என்று வந்துவிட்டால், நன்றாக வேலை செய்யும் அதே குழாயில் மருந்தைக் கூட்டியே அறுவை செய்துவிடலாம்.

வலி குறைப்பதை மட்டும் பார்த்தால் எபிடூரலுக்கு மற்ற இரண்டும் பக்கத்தில்கூட வராது. ஆனால் மருத்துவமனையில் இதைப் புதிதாகக் கொண்டுவருவது மருந்து வாங்கி வைப்பதோடு முடிவதில்லை. ராத்திரி முழுக்க ஒரு மயக்க மருத்துவர் வேண்டும், ரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் விடாமல் பார்க்க நர்ஸ் வேண்டும். ஒரே மயக்க மருத்துவர் நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஊரில், 'வலியில்லாப் பிரசவம்' என்று போர்டு மாட்டினாலும் நம் முறை வரும்போது அவர் வேறெங்கோ சிசேரியனில் நிற்பார். அப்படிப்பட்ட இடத்தில் வாயுவை ஒழுங்காகப் பழக்கிக் கொடுப்பதே மேல் என்பேன். இடுப்பைத் தேய்த்துவிட ஒரு ஆள் கூட இருப்பது மூன்றுக்குமே துணை.

தங்கையிடம் சொன்னது இதுதான்: "எபிடூரல் உண்டா என்று கேட்காதே. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி எடுத்தால் எத்தனை நிமிடத்தில் மயக்க மருத்துவர் வருவார், கட்டணம் தனியா என்று கேள்."

அம்மாவிடம், விக்டோரியா மகாராணியே 1853இல் எட்டாவது பிள்ளைக்கு குளோரோஃபார்ம் முகர்ந்துதான் பெற்றார் என்றேன். "எட்டா!" என்றார் அம்மா. அதற்கப்புறம் ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை.