இயற்பியல் பயிற்சி நூல்: வரைபடம் நன்று, விடைப் பக்கம் மோசம்

உயர்நிலை 3 படிக்கும் மகளுக்காக சிங்கப்பூர் பிராஸ் பாசாவில் 9 வெள்ளிக்கு வாங்கிய அசெஸ்மெண்ட் (பயிற்சி) புத்தகம். தாள் கெட்டி, எழுத்து பெரிது. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

இயக்கவியலில் ஒரு கணக்கு: மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், சீராக வேகம் குறைந்து 25 விநாடியில் நிற்கிறது. கடந்த தூரம்? விடைப் பக்கத்தில் 900 மீட்டர். 72ஐ அப்படியே 25ஆல் பெருக்கி இரண்டால் வகுத்திருக்கிறார்கள்! விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிப் போட்டால் 250 மீட்டர்தான். மகள் சரியாகத்தான் போட்டிருந்தாள். புத்தகத்தை நம்பி அழித்து அழித்து எழுதினாள், பாவம்.

இன்னொன்றில், அடுக்குமாடி புளோக்கின் மேல்மாடியிலிருந்து விழும் பந்து தரையைத் தொட எத்தனை விநாடி என்று கேள்வி. உயரம் எங்கும் இல்லை. விடை மட்டும் 3 விநாடி. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துப் பின்னோக்கிப் போனால் 45 மீட்டர் வருகிறது. அந்த வரியை அச்சில் விட்டுவிட்டார்கள் போல. (செய்து பார்த்துவிடலாம் என்றால் அபராதம்தான் வரும்.)

வேக-நேர வரைபடக் கணக்குகள் அருமை. இரு அச்சிலும் அலகு இருக்கிறது, கோட்டுக்குக் கீழுள்ள பரப்பிலிருந்து தூரம் காணும் படிகளும் தெளிவு. அந்தப் பக்கங்களுக்காக ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.