ஆற்றோரத்துப் பிசிக் மீன்: கொடுக்கிற காசுக்குத் தகுமா?

சாந்த் ஆந்த்ரே பக்கம் ரிவியேர் தூ மா, அதைத் தாண்டி ரிவியேர் தே ரோஷ் என்று இரண்டு ஆற்றுமுகம். இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் பிசிக் என்ற பொடி மீன் வாங்க இவைதான் சரியான இடம். நெத்திலி மாதிரி இருக்கிறதே என்று எடுத்தால் ஏமாறுவீர்கள். இது உளுவைக் குஞ்சு, நீளம் 3 செ.மீ. அளவுதான். தாய்மீன் ஆற்றில் கல்லுக்கடியில் முட்டை போடும். பொரித்தது ஓட்டத்தோடு கடலுக்குப் போய், மாதக்கணக்கில் அங்கே இருந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும்போது, கூழாங்கல் வாய்க்காலில் 'வூவ்' என்ற கூம்புக் கூடை வைத்துப் பிடிக்கிறார்கள்.

விலை கேட்டால் தலை சுற்றும். வரத்து குறைந்த நாளில் கிலோ 40 யூரோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அதனால் பார்த்து வாங்குங்கள். கடலிலிருந்து அப்போதுதான் ஏறியது கண்ணாடி போல இருக்கும், குவித்து வைத்தால் இளஞ்சிவப்பு அடிக்கும். ஆற்றுக்குள் சில நாள் தங்கியது கருத்துவிடும். வாய் கீழ்ப்பக்கம் இறங்கி, கல்லில் பாசி மேயத் தொடங்கிவிடும். ருசி, அப்போதுதான் ஏறியதில் பாதிதான். வயிறு வெடித்திருந்தால் வெயிலில் கிடந்தது, வாங்கவே வேண்டாம். ஐஸ் பெட்டி இல்லாமல் போகாதீர்கள்.

பருவம் ஏறக்குறைய செப்டம்பர் முதல் மார்ச் வரை. வருஷம் முழுக்கப் பிசிக் போடுகிற உணவகத்தில் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து வரும் உறைந்த பாக்கெட்தான். சட்டியில் தண்ணீர் விட்டுக் குழைந்துபோகும். அதற்கு 5க்கு 1 மார்க்கே அதிகம். ஆற்றோரத்துச் சரக்குக்கு 4 தரலாம், ஒன்றை விலை தின்றுவிட்டது.

சமைப்பது காரி, அதாவது அந்தத் தீவுக் குழம்புதான். அரைக் கிலோவுக்கு 2 வெங்காயம், 4 தக்காளி, 6 பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, மஞ்சள்தூள், பச்சைமிளகாய், கொஞ்சம் தைம் தழை. மீனில் மணலும் இலைச்சருகும் இருக்கும். தட்டில் பரப்பிப் பொறுக்கிவிட்டு, இரண்டு முறை மெதுவாக அலசுங்கள். தக்காளி நன்றாக மசிந்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும். கரண்டி போட்டால் உடைந்து களியாகிவிடும், சட்டியைப் பிடித்துக் குலுக்கினால் போதும். மிதமான தீயில் கால் மணி நேரம். தண்ணீர் சேர்க்காதீர்கள், மீனே விடும்.

சோறும், தீவின் சிலாவோஸ் ஊர்ப் பருப்பும் இருந்தால் 4 பேருக்கு அரைக் கிலோ தாராளம். மறுநாள் சூடு பண்ணினால் கூழாகிவிடும், மீதி வைக்கிற அளவுக்கு வாங்காதீர்கள்.