கொரங்காட்டுக்கு இ-பேர்டு செயலி எப்படி?

பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இ-பேர்டு (eBird) செயலி என்றால் கேமராவும் தொப்பியுமாகப் பறவை பார்க்கப் போகிறவர்களின் சமாச்சாரம் என்றுதான் எங்கள் பக்கம் நினைக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை என்பது என் கட்சி. வெள்ளகோவில் பக்கம் எங்களுக்குக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே ஆடு மாடு.

செயலி இலவசம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய திட்டம் இது. தொடக்கப் பொத்தானை அழுத்திவிட்டு நடந்தால் நேரத்தையும் தூரத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். நம் பகுதிக்கான பறவைப் பட்டியல் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டால் காட்டுக்குள் சிக்னல் வேண்டியதில்லை. பறவையின் ஆங்கிலப் பெயரை முழுசாகத் தட்டவும் வேண்டாம். இரண்டு சொல் பெயரென்றால் ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு எழுத்து போதும்.

இதன் உயிர் கடைசியாகக் கேட்கும் கேள்வியில் இருக்கிறது: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ஆம் என்றால், பட்டியலில் இல்லாததும் தகவலாகிவிடும். பனங்காடை இல்லையென்றால் எழுத மறந்ததாக அல்ல, தென்படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ளலாம். காக்கா, மைனாவை விட்டுவிட்டு அபூர்வமானதை மட்டும் பதிகிறவர்களின் பட்டியல் பெருமைக்கு ஆகும், இந்தக் கணக்குக்கு ஆகாது.

இப்படி 30,000 பேருக்கும் மேல் சேர்த்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. மயில் பெருகுகிறதாம். அதற்கு அறிக்கை எதற்கு, எங்கள் ஊரில் நிலக்கடலை போட்டவரைக் கேட்டால் போதாதா! பனங்காடை குறைந்துவருவது அப்படிக் கண்ணில் படாது. கரண்ட் கம்பியில் தினமும் பார்த்துப் பழகிய பறவை, நேற்று இருந்ததா என்று யார் யோசிக்கிறார்கள்?

குறை என்றால், செயலி நிலத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. புல் எவ்வளவு உயரம், ஆடு உள்ளே மேய்கிறதா, பக்கத்துக் காட்டை உழுதுவிட்டார்களா, எதற்கும் கட்டம் கிடையாது. குறிப்புப் பகுதியில் எழுதலாம்தான். ஆனால் ஆளுக்கொரு விதமாக எழுதியதைத் திரட்டிக் கணக்குப் போடுவது பெரும்பாடு. மாற்றி மாற்றி மேய்த்தால் தரையில் முட்டையிடும் கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் நல்லதா என்று தெரிய எனக்கு அதுதானே வேண்டும்? புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்கிற நாட்டில் இது சின்னக் குறை இல்லை. இப்போதைக்குத் தேதி போட்டு நோட்டில் தனியாக எழுதி வைக்கிறேன்.

எண்ணிக்கை வழக்கத்தை மீறினால் செயலி விவரம் கேட்கும், தன்னார்வலர் ஒருவர் சரிபார்ப்பார். அதற்காகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்துக்கு நாலு தருவேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நல்ல சமயம், 15 நிமிடம் பார்த்து எழுதினாலே போதும். அப்புறம் ஒன்று: பதிகிற இடம் வரைபடத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் இடத்துக்கு உங்கள் பெயரையோ வீட்டு முகவரியையோ வைக்காதீர்கள்.