கூகுள் பிளஸ்: மூடும் நாள்வரை இருந்த ஒருவரின் அனுபவம்

கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2011 ஜூன் 28 அன்று வந்தது. அழைப்பு இருந்தால்தான் அப்போது உள்ளே போக முடியும். நண்பர் ஒருவர் அழைப்பு அனுப்பிய அன்றே சேர்ந்தேன். 2019 ஏப்ரல் 2 அன்று மூடும்வரை இருந்தேன். அங்கே ஆளே இல்லை என்று வெளியில் பேசிக்கொண்ட ஆண்டுகளில்தான் நான் அதை அதிகம் பயன்படுத்தினேன். இப்போது செயலி உருவாக்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக ஒரு வசதியைப் பற்றிப் பேச உட்காரும்போதெல்லாம் அந்தத் தளம் நினைவுக்கு வருகிறது.

என்னை அங்கே பிடித்து வைத்தது புகைப்படம். படங்கள் பெரிதாக, தெளிவாகத் தெரியும். நீளமாக எழுதலாம், போட்ட பதிவைத் திருத்தலாம். 2012 டிசம்பரில் கம்யூனிட்டிகள், அதாவது ஒரே ஆர்வம் உள்ளவர்கள் கூடும் குழுக்கள், வந்ததும், பூச்சிகளை மிக அருகில் எடுக்கும் மேக்ரோ குழு ஒன்றில் சேர்ந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் என் படத்துக்குக் கீழே, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்திருக்க வேண்டும் என்று நான்கு பத்தி எழுதினார். அடுத்த வாரம் அவர் சொன்னபடி எடுத்துப் போட்டேன். மறுபடியும் இரண்டு பத்தி! ஹேங்அவுட்டில் பத்துப் பேர் வரை இலவசமாக முகம் பார்த்துப் பேசலாம். 2011இல் அது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் எல்லோரும் புகழ்ந்தது சர்க்கிள்களை. தெரிந்தவர்களைக் குடும்பம், நண்பர்கள், அலுவலகம் என்று வட்டங்களில் இழுத்துப் போட்டு, யாருக்கு எது தெரிய வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். தாளில் பார்த்தால் குறையே தெரியாது. எனக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. அதற்குள் இருந்த சிக்கல் இதுதான்: யார் பார்க்க வேண்டும் என்பதை எழுதுகிறவர் தீர்மானிக்கிறார், எதைப் பார்க்க வேண்டும் என்பதில் படிக்கிறவருக்குப் பிடி இல்லை. புகைப்படத்துக்காக ஒருவரைப் பின்தொடர்ந்தால் அவருடைய அரசியலும் சமையலும் சேர்ந்தே வரும். 2015 மே மாதம் வந்த கலெக்‌ஷன்ஸ் இதைச் சரியாகப் பிடித்தது. எழுதுகிறவர் தலைப்பு வாரியாகப் பிரித்து வைப்பார். வேண்டியதை மட்டும் நாம் பின்தொடரலாம். சரியான விடைதான், நான்கு ஆண்டு கழித்து வந்தது.

அந்த நான்கு ஆண்டுகளில் கூகுளின் கவனம் வேறு பக்கம் இருந்தது. 2012 தொடக்கத்தில் புதிதாகக் கூகுள் கணக்கு திறப்பவர்களுக்குப் பிளஸ் கணக்கும் சேர்ந்தே வந்தது. 2013 நவம்பரில் யூடியூபில் கமெண்ட் போடவே பிளஸ் கணக்கு வேண்டும் என்றானது. யூடியூபின் நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீமே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். வீடியோ பார்க்க வந்தவரை வலுக்கட்டாயமாக இன்னொரு வீட்டுக்குள் தள்ளினால் கோபம்தான் வரும். உண்மைப் பெயர் விதியும் அப்படித்தான். புனைபெயரில் எழுதிய பலரின் கணக்குகள் 2011இலேயே முடக்கப்பட்டன. அந்த விதியைக் கைவிட 2014 ஜூலை ஆனது. ஒரு புதுத் தளத்துக்கு முதலில் ஆர்வமாக ஓடி வருகிறவர்களை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நான் இன்றும் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது 2013 அக்டோபரில் கூகுள் வெளியிட்ட கணக்கை. மாதம் 54 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்றார்கள். பிளஸ்ஸோடு இணைத்த மற்ற கூகுள் சேவைகளில் பிளஸ் வசதியைத் தொட்டவர்களும் அதில் அடக்கம். ஸ்ட்ரீமை, அதாவது பிளஸ்ஸில் பதிவுகள் வரிசையாக வரும் பக்கத்தை, பார்த்தவர்கள் 30 கோடி. 2018இல் அதே நிறுவனம், பயனர்களின் வருகைகளில் 90 சதவீதம் ஐந்து விநாடிக்கும் குறைவு என்று சொன்னது. எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காகவே ஒரு வசதியை எல்லா இடத்திலும் ஒட்டினால், யார் விரும்பி வந்தார், யார் தெரியாமல் வந்து விழுந்தார் என்பது தயாரித்தவருக்கே புரியாமல் போகும். எங்கள் வேலையில் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இந்த வசதியை எடுத்துவிட்டால் யார் வந்து சண்டை போடுவார் என்பதுதான். அந்த மேக்ரோ குழுவில் இருந்தவர்கள் நிச்சயம் போட்டிருப்பார்கள்.

2015இல் பிளஸ்ஸின் படங்கள் பகுதி கூகுள் ஃபோட்டோஸ் என்ற தனிச் சேவையானது, யூடியூப் கட்டாயத்தையும் விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள். நவம்பரில் கம்யூனிட்டிகளையும் கலெக்‌ஷன்ஸையும் மையமாக வைத்துத் தளத்தையே மாற்றினார்கள். அப்புறம் 2018 மார்ச்சில், ஐந்து லட்சம் கணக்குகள் வரை பாதித்திருக்கக்கூடிய பிழை ஒன்று ஏபிஐயில், அதாவது மற்ற செயலிகள் பிளஸ்ஸின் தகவல்களைப் பெறும் வழியில், கண்டுபிடிக்கப்பட்டது. அது அக்டோபரில்தான் வெளியே தெரிந்தது. மூடும் அறிவிப்பும் அதனுடனே வந்தது. டிசம்பரில் 5.25 கோடிக் கணக்குகள் தொடர்பான இன்னொரு பிழை வெளியாக, மூடும் தேதி ஆகஸ்டிலிருந்து ஏப்ரலுக்கு முன்னால் வந்தது.

மூடுவதற்கு முன், நம் தகவல்களை இறக்கிக்கொள்ள உதவும் கூகுளின் டேக்அவுட் சேவை வழியாக என் பதிவுகளை இறக்கி வைத்துக்கொண்டேன். மேக்ரோ குழுவில் பழகிய நான்கு பேரோடு மின்னஞ்சலில் இன்றும் படம் பரிமாறிக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் தட்டான் படம் அனுப்பினார். வெளிச்சத்தைப் பற்றி நான் மூன்று பத்தி எழுதி அனுப்பினேன்.