24 மணி நேரக் குழந்தைக் காப்பகம்: ஷிப்ட் நர்ஸுகளுக்குச் சரிவருமா?

போர்டில் “24 மணி நேரம்” என்று இருக்கும். ஆனால் ஒரு குழந்தையைத் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் கேள்வி. 12 மணி நேர டியூட்டி, அடுத்த நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் அரை மணி, போக வர ஒரு மணி என்று கூட்டினால் பதின்மூன்றரை. 10 மணி நேரம்தான் உச்சவரம்பு என்றால் அந்த இடம் உதவாது. மாற்று நர்ஸ் வராமல் வார்டை விட்டு நகர முடியாதே! தாமதக் கட்டணம் எப்போது தொடங்கும், உங்களுக்குப் பதில் யார் வந்து அழைத்துப் போகலாம் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) அடிக்கடி மாறுபவர்களுக்கு மாதக் கட்டணம் நஷ்டமாகலாம். குழந்தையை விடும் ஷிப்டுக்கு மட்டும் பணம் கட்டும் கணக்கு மலிவாக இருக்கலாம், ஆனால் கடைசி நேரத்தில் இடம் இல்லாமல் போகலாம்.

பகலில் மட்டும் பார்த்துவிட்டுச் சேர்க்காதீர்கள். இரவு 11 மணிக்குப் போங்கள். ஆயா விழித்திருக்கிறாரா? கைக்குழந்தை மல்லாக்க, தலையணை இல்லாமல், கெட்டி மெத்தையில் படுத்திருக்கிறதா? எடுத்துவைத்த தாய்ப்பால் ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும்; சூடாக்கியதை 2 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். புட்டியில் தேதியும் நேரமும் எழுதாத இடம் வேண்டவே வேண்டாம்.

பலர் கேட்க மறப்பது இது: நைட் முடிந்து நீங்கள் தூங்க வேண்டிய காலை நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பார்கள்? காலை 8 மணிக்கே கையில் கொடுத்துவிடும் காப்பகம் பாதி வேலைதான் செய்கிறது.